பதினோரு கஜம் வயர்

என் தங்கை பிலோமினம்மாள் எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. பிழைக்காது என்று கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் சொன்ன பிள்ளை பிழைத்தது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் தின்று இரண்டு முறை மலேரியாவில் விழுந்து இரண்டு முறையும் எழுந்தாள். அம்மா இறந்த பிறகு ஆறு வயதில் அடுப்பைப் பிடித்தாள். 1961இல் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்துக் குடிசைகள் எரிந்தபோது கைக்குழந்தையோடும் ஒரு தலையணையோடும் ஓடி வெளியே வந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயதில் கணவர் அலெக்சாண்டர் மஞ்சள் காமாலையில் போனார். அவர் வயர்மேன். தேக்காவில் கடைகளுக்கு முன்னால் போகும் அஞ்சடி நடைபாதையில், சுவரோடு சேர்த்து அடித்த ஒரு மரப்பெட்டிதான் அவர் விட்டுப்போன கடை. வயர், பிளக், ஹோல்டர், ஃபியூஸ் கம்பி. அந்த வியாபாரத்தில் அப்போது ஒரு பொம்பளைகூடக் கிடையாது. அவள் அதை நடத்தி, ஒரு மகளை நர்சாக்கி, இன்னொருத்தியை டைப்பிஸ்டாக்கி, தோ பாயோவில் மூவறை வீடு வாங்கினாள். இத்தனையும் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகாமல்.

கோயில் மலரில் அவளைப் பற்றி எழுத என்னைக் கேட்டபோது, அவளுடைய நாற்பத்தொன்பது வருஷத்தையும் எழுத இடம் இருக்காது என்று தெரிந்தது. அதனால் நான்கு நாட்களை மட்டும் எழுதுகிறேன். அந்த நான்கு நாளும் நான் கூடவே இருந்தேன்.

முதலில் அவள் வியாபாரம் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

கடையில் இரண்டு வகை வயர் கேட்டு வருவார்கள். ஒன்று கொக்கு மார்க். இங்கிலாந்திலிருந்து வருவது, அடிக்கு ஒரு கொக்குப் படம் பொறித்திருக்கும். இன்னொன்று பெயரே இல்லாத வெள்ளை வயர். எங்கே செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, விலை பாதி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பருமன். பிலோமி கொக்கு மார்க் மட்டும்தான் வைப்பாள்.

"ரெண்டும் வயர்தானேம்மா, இதுக்கு மட்டும் எதுக்கு டபுள் விலை?" என்று கேட்காத ஆள் கிடையாது.

காட்டுவதற்கென்றே அவள் வெள்ளை வயரிலும் கொஞ்சம் வைத்திருப்பாள். இரண்டிலும் ஒரு துண்டு எடுத்துத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் முடி போன்ற செம்புக் கம்பிகளை விரித்து, கேட்டவர் உள்ளங்கையில் வைப்பாள். "எண்ணுங்க," என்பாள். கொக்கு மார்க்கில் நாற்பது கம்பி. வெள்ளை வயரில் பதினாறு. மீதி எல்லாம் ரப்பர். இஸ்திரிப் பெட்டிக்கும் வெந்நீர்க் கேத்தலுக்கும் போகிற கரண்ட் அந்தப் பதினாறு கம்பிக்குள் நெருக்கியடித்துப் போகும்போது வயர் சுடும், இளகும், பிறகு பற்றும். பாதிப் பேர் இருபது எண்ணுவதற்குள் அலுத்துப்போய், பக்கத்துக் கடையில் மலிவு வயரை வாங்கிக்கொண்டு போவார்கள். மீதிப் பேர்தான் அவளுடைய வாடிக்கை.

வயர் விற்றவளுக்குக் கரண்ட் என்றால் உயிர்ப் பயம். ஈரத்தலையோடு சுவிட்சைத் தொட மாட்டாள். இடி இடித்தால் வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொள்வாள். புக்கிட் ஹோ ஸ்வீயில் பார்த்த தீ அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அந்தப் பயம்தான் அவளுடைய படிப்பு என்று நான் நினைப்பதுண்டு.

இன்னொரு பழக்கம். வயர் வாங்க வருகிறவர்களுக்கு எத்தனை கஜம் வேண்டும் என்று சொல்லத் தெரியாது. வீட்டில் பிளக்கிலிருந்து சாமான் வரைக்கும் ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிற்றைப் பிடித்து, வெட்டிச் சுருட்டிக் கொண்டுவருவார்கள். பிலோமி அந்தக் கயிற்றை வைத்து வயரை அளந்து வெட்டுவாள். கயிற்றைத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். அதில் அடையாளமாக ஏதாவது ஒன்றைக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவாள். தையற்காரர் என்றால் பொத்தான், முடிவெட்டுகிறவர் என்றால் உடைந்த சீப்புப் பல். எழுதத் தெரியாதவளுக்கு அந்த ஆணிதான் நோட்டுப்புத்தகம். ஒரு சுருள் தீர்ந்தால் கயிறுகளை ஒரு பையில் போட்டுவிட்டு, புதுச் சுருளுக்குப் புதிதாக மாட்ட ஆரம்பிப்பாள்.

1979 அக்டோபர் கடைசியில் எட்மண்ட் வந்தான். எங்கள் கோயிலுக்கு வருகிறவன். பூசையில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவான். சின்னச் சின்னக் கடைகளுக்கு மின்சாமான் போடும் ஏஜண்ட். கொக்கு மார்க் சுருள் ஒன்று, நூறு கஜம், முக்கால் விலைக்குத் தருவதாகச் சொன்னான்.

"ஏன் குறைச்சுக் குடுக்குறே?" என்று பிலோமி கேட்டாள்.

"அக்கா, இது ஒரே நீட்டா இல்ல. ரெண்டு துண்டு. பத்து கஜம் ஒண்ணு, தொண்ணூறு கஜம் ஒண்ணு. பேக்டரியில அப்படித்தான் சிலது வரும். பெரிய கடைக்காரன் எடுக்க மாட்டான். நம்ம ஆளுங்களுக்குக் குடுக்கலாம்னு கொண்டாந்தேன் லா."

அவள் சுருளின் வெளிமுனையை உரித்து எண்ணினாள். நாற்பது. கொக்கும் இருந்தது. வாங்கிக்கொண்டாள். பத்து கஜத் துண்டு தீர்ந்ததும் அதன் கயிறுகளைப் பையில் போட்டுவிட்டு, உள்ளே இருந்த தொண்ணூறு கஜத்தை எடுத்தபோது அதை எண்ணவில்லை. ஒரே சுருள், ஒரே கொக்கு, கோயிலில் பார்க்கிற ஆள். பதினொரு வருஷ வியாபாரத்தில் அவள் எண்ணாமல் விற்றது அந்த ஒரு துண்டுதான்.

நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. எனக்குப் பட்டறையில் விடுப்பு. பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பின் சந்தில் தையற்கடை வைத்திருந்த சேதுபதி ஒரு வயரைச் செத்த பாம்பைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பிலோமினாம்மா, உங்க கொக்கு எனக்கு வறுத்த கொக்காயிடுச்சு பாருங்க."

வயர் ஓரிடத்தில் உருகி வழிந்து, கறுத்து, பிறகு இறுகியிருந்தது. அவர் கடை இஸ்திரி மேசைமீது கிடந்த ஒரு கல்யாணக் கோட்டில் கை அகலத்துக்கு ஓட்டையாம்.

"இஸ்திரிப் பெட்டியில கோளாறா இருக்கும்," என்றாள் பிலோமி. சொல்லும்போதே கத்தியை எடுத்துவிட்டாள். உரித்தாள். கடையின் தகரத் தட்டில் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். பதினாறில் நின்றது. மறுபடியும் எண்ணினாள். பிறகு கடையில் மீதி இருந்த சுருளின் முனையை வெட்டி எண்ணினாள். பதினாறு. அடிக்கு அடி கொக்கு நின்றுகொண்டிருந்தது.

அவள் கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே," என்றாள், "இதை எத்தனை வீட்டுல குடுத்திருக்கேன்?"

சேதுபதி அதுவரை கோட்டைப் பற்றிப் பேச வாயெடுத்தவர். தட்டில் கிடந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, "கோட்டு கிடக்குது, முதல்ல மத்த வீடுகளைப் பாருங்க," என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆணியில் ஆறு கயிறு இருந்தது. ஆறையும் எடுத்து வைத்து, அவள் யார் யார் என்று சொல்லச் சொல்ல நான் பழுப்புக் காகிதத்தில் எழுதினேன். தேக்காவிலேயே ஐந்து பேர். சேதுபதி, முடிவெட்டும் கடை, பொற்கொல்லர், ஒரு சீனக் காப்பிக்கடை, டன்லப் ஸ்திரீட்டில் ஓய்வுபெற்ற ஒரு கிளார்க். ஆறாவது கயிற்றில் கேக் வைக்கும் காகிதக் கிண்ணம் ஒன்று சுருட்டிக் கட்டியிருந்தது.

"அது ஆங் மோ கியோ. உம்மு சல்மான்னு ஒரு பொண்ணு. கேக் சுட்டு விக்குது. அவனுக்கு வயர் பத்தலைன்னு வாங்கிச்சு." அவன் என்று அவள் சொன்னது கேக் சுடும் கரண்ட் அடுப்பை.

அன்று பகலுக்குள் தேக்காவில் மற்ற நான்கு இடத்திலும் போய் வயரைப் பிடுங்கிக்கொண்டு, பழைய சரக்கில் நல்ல வயரை மாட்டிக் கொடுத்தோம். காப்பிக்கடையில் வயர் தொட முடியாத சூடு. முடிவெட்டுகிறவர் மட்டும், "சும்மா வந்து புதுசு மாட்டுறீங்களே, தேர்தல் வருதா?" என்று கேட்டார். பிலோமி சிரிக்கவில்லை.

பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன். மீதிச் சுருளை அளந்தேன். முப்பத்து நான்கு கஜம். அப்படியானால் ஐம்பத்தாறு கஜம் வெளியே போயிருக்கிறது. ஆறு கயிற்றையும் ஒவ்வொன்றாக அளந்து கூட்டினேன். நாற்பத்தைந்து. மூன்று தடவை அளந்தேன்.

"பிலோமி, பதினோரு கஜம் உதைக்குது."

"உதைக்காது. ஆறுதான்."

"கயிறு எதுவும் கீழே விழுந்துச்சா?"

அவள் பெட்டிக்கு அடியில் படுத்துத் தேடினாள். தெருக்கூட்டும் முத்தாயியைப் பிடித்து, குப்பையில் கயிறு பார்த்தாயா என்று கேட்டாள். முத்தாயி, "தேக்காவுல ராஃபியா கயிறு இல்லாத குப்பை எங்கக்கா இருக்கு?" என்றாள். எங்கோ ஒரு வீட்டில் பதினோரு கஜம் வயர் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் வீடு என்று விற்றவளுக்கே தெரியவில்லை.

நவம்பர் 17, சனிக்கிழமை. முதலில் தெரிந்த இடத்துக்குப் போவோம் என்று ஆங் மோ கியோ பஸ் ஏறினோம். அவளிடம் இருந்த விலாசம் இவ்வளவுதான்: மார்க்கெட்டுக்கு எதிர் பிளாக், எட்டாவது மாடி, பச்சை கேட். அப்போது ஆங் மோ கியோவில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி புத்தம் புதிதாக நின்றன. இரண்டு பிளாக்கில் எட்டாவது மாடி முழுவதும் நடந்தோம். மூன்றாவதில் வெண்ணெய் வாசனை வந்தது.

"இங்கதான்," என்று பிலோமி ஓடினாள்.

உம்மு சல்மா கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், முக்காட்டில் மாவு. கூடத்தில் பாய் விரித்து இரண்டு குழந்தைகள் உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தன. கரண்ட் அடுப்பு சமையலறை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. வயரைக் காணோம்.

"வயர் எங்கம்மா?"

"பிள்ளைங்க கால் தட்டுதுன்னு பாய்க்கு அடியில விட்டுட்டேன் அக்கா. ஏன்?"

பிலோமி குனிந்து பாயின்மேல் கையை வைத்தாள். உடனே எடுத்தாள். இரண்டு குழந்தைகளையும் இரண்டு கையில் வாரி என்மேல் போட்டுவிட்டு சுவிட்சை நோக்கிப் போனாள்.

"அக்கா, அக்கா, பத்தே நிமிசம் லா! மூணு பவுண்டு கேக் உள்ளே இருக்கு. கல்யாண வீட்டு ஆர்டர். அமுங்கிடும்!"

"கேக் அமுங்கட்டும்!"

சுவிட்சை அணைத்துப் பாயைத் தூக்கினாள். கோரைப்பாயின் அடிப்புறம் வயர் போன வழியெல்லாம் காப்பி நிறத்தில் ஒரு கோடு. குழந்தைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தக் கோடு கறுப்பாக இருந்தது. உம்மு சல்மா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் நல்ல வயரை மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் மெதுவாகச் சொன்னாள். "மலிவு வயர் ஆபத்துன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க. நீங்க சொன்னதாலதான் கூடக் காசு குடுத்து வாங்கினேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பிலோமி தாங்கியிருப்பாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பிளாக்கைக் கடக்கும்போதும் அவள் மாடி மாடியாகப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. தீயணைப்பு வண்டிச் சத்தம் எங்கோ கேட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் குண்டு போட்ட நாட்களுக்குப் பிறகு அவள் என் கையை அப்படிப் பிடித்ததில்லை.

"அந்தப் பதினோரு கஜமா அண்ணே?"

"எத்தனையோ காரணம் இருக்கும். பேசாம இரு."

எனக்கும் அதே பயம்தான்.

நவம்பர் 18, ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது எட்மண்ட் படிக்கட்டில் நின்றான். நாங்கள் அவனைத் தேடிப் போகுமுன் அவனே வந்தான். விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது.

"என்னக்கா, ஊர் பூரா வயரைப் பிடுங்குறீங்களாம்?"

"உன் வயர்ல பதினாறு கம்பிதான் இருக்கு எட்மண்ட்."

"எனக்கு என்ன தெரியும்? எனக்குக் குடுத்ததை நான் குடுத்தேன்." குரலைத் தாழ்த்தினான். "இன்னும் இருபது கடைக்குப் போட்டிருக்கேன், ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்க மட்டும் ஏன் கத்துறீங்க? போலீசுக்குப் போனா முதல்ல உங்க பெட்டியைத்தான் மூடுவாங்க. வித்தது நீங்க. அதுக்குப் பதிலா வீடு வீடா சும்மா குடுக்குறீங்க. சும்மா குடுத்துக் குடுத்து எவன் கடை நடத்துனான்?"

பிலோமி அவனை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தப் பதினோரு கஜம் விக்கலே. சும்மா குடுத்தேன்."

மருதப்பன் என்று ஒரு கிழவர். கிளைவ் ஸ்திரீட்டில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேன். பதினொரு வருஷமும் இரவில் அவள் பெட்டிக்கும் சேர்த்துக் காவல் இருந்தவர். இரண்டு வாரம் முன்பு வேலையை விட்டுவிட்டு புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு கம்பத்து வீட்டுக்குக் குடிபோனார். போகும்போது அவள் அன்பாகக் கொடுத்தது அந்த வயர். விலை இல்லை, அதனால் கயிறும் இல்லை. கையை நீட்டி நீட்டி, பதினோரு முறை அளந்து கொடுத்திருக்கிறாள்.

எட்மண்டை அப்படியே விட்டுவிட்டு உட்லண்ட்ஸ் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் மழை, எதிரே வருகிற லாரி தெரியவில்லை. பத்தாவது மைல்கல் நிறுத்தத்தில் இறங்கி, ஒரு கடையில் விசாரித்து, சேற்றில் அரை மைல் நடந்தோம். பிலோமி பூசைக்குக் கட்டிய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். தூரத்தில் கூரை தெரியும்போதெல்லாம் புகை வருகிறதா என்று நின்று பார்த்தாள்.

மருதப்பனின் வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையும். கதவும் தகரம்தான். அவருக்கென்று மீட்டர் கிடையாது. பக்கத்துச் சீன வீட்டிலிருந்து கரண்ட் இரவல். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் வயர் புறப்பட்டு, வாழைமரத்தில் ஒரு சுற்று சுற்றி, மழையில் நனைந்துகொண்டே வந்து, தகரக் கூரையின் விளிம்பில் உரசி உள்ளே போனது. கூரை விளிம்பில் உரசிய இடத்தில் ரப்பர் அறுந்து செம்புக் கம்பி சிவப்பாகத் தெரிந்தது. ரப்பர் கருகும் வாசனை அந்த மழையிலும் வந்தது.

நான் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன்.

"தொடாதீங்க!"

அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"தகரம் முழுக்கக் கரண்ட் இருக்கும். நீங்க நனைஞ்சிருக்கீங்க. பின்னால போங்க." பிறகு கதவைப் பார்த்துக் கத்தினாள். "ஐயா! மருதப்பய்யா! உள்ள இருந்தா கதவைத் தொடாதீங்க! எதையும் தொடாதீங்க!"

உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை.

பிலோமி திரும்பிச் சீன வீட்டுக்கு ஓடினாள். வாசலில் ஒரு கிழவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "துத்துப் சுவிஸ்! துத்துப்!" என்று பிலோமி மலாயில் கத்தி, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். சேறு வழிய ஒரு பொம்பளை வந்து சுவிட்சை அணைக்கச் சொன்னால் யாரும் விழிக்கத்தான் செய்வார்கள். கிழவி முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். பிலோமி அந்த முறத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே இருந்த மரக்கட்டையில் செருப்புக் காலோடு ஏறி நின்று, முறத்தின் விளிம்பால் சுவிட்சைத் தட்டினாள். பிளக் பாதி உருகி சுவரோடு ஒட்டியிருந்தது.

இங்கே மருதப்பன் வீட்டில் விசிறியின் சத்தம் மெல்ல நின்றது. அதன் பிறகு உள்ளே நிசப்தம். நான் நூறு வரைக்கும் எண்ணினேன் என்று நினைக்கிறேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"யாருய்யா அது, காத்தை நிறுத்துனது?"

கதவு திறந்தது. மருதப்பன் கைலியைக் கட்டிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் நின்றார். மழையில் நிற்கும் பிலோமியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா தாயி! இந்த மழையில இவ்வளவு தூரம் வருவியா? உள்ள வா, காப்பி போடுறேன்."

நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுவா! நானும் ரெண்டு நாளா கதவைத் தொட்டா கட்டெறும்பு கடிக்கிற மாதிரி இருக்கேன்னு பார்த்தேன். வயசாச்சு, நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சு தைலம் தடவிக்கிட்டேன் தாயி." கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரைக்கும் தைலம் பளபளத்தது. "இன்னைக்கு மழைன்னு வெளிய போகாம படுத்துட்டேன்."

வெளியே போக அந்தக் கதவைத்தான் தொட்டிருப்பார். நனைந்த மண்ணில் வெறுங்காலோடு.

பிலோமி வாழைமரத்திலிருந்து வயரைப் பிரித்துச் சுருட்டினாள். பதினோரு கஜத்தையும் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இருபது கடைன்னு சொன்னான்ல அண்ணே?"

நவம்பர் 19, திங்கட்கிழமை. காலையில் கடையைத் திறக்காமல் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். அங்கே ஒரு தமிழ் கான்ஸ்டபிள் அவள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினார். எட்மண்ட் கொடுத்தது, அவள் எண்ணாமல் வாங்கியது, விற்றது, இருபது கடை, எல்லாம் இருந்தது. உருகிய பிளக்கும் ஆறு கயிறும் மேசைமேல் கிடந்தன.

"இதுல நீங்க வித்ததாவும் இருக்கு," என்றார் அவர். "நாளைக்கு உங்க லைசென்சுக்கே பிரச்சனை வரலாம். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி. இங்க கைநாட்டு வைங்க." மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

அவள் கையை நீட்டினாள். பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"கைநாட்டு வச்சா, இவளுக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்குன்னு தெரியாம வச்சுட்டாள்னு நாளைக்கு எட்மண்டு சொல்லுவான். பயந்துபோயி நானே சொன்னாலும் சொல்லுவேன். எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல சார். நான் தெரிஞ்சு சொல்றேன்னு இருக்கணும். கையெழுத்துப் போடுறேன்."

"எழுதத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். "நாலு மணிக்கு டியூட்டி முடியுது," என்றார்.

நிலையத்து வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. வீட்டுப் பெயர்கள் எழுதிய பழுப்புக் காகிதத்தின் பின்பக்கத்தில் அவள் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். முதலில் விரலால் அதன்மேல் ஓட்டினாள். பிறகு பென்சிலால். 'லோ' என்ற எழுத்தைப் போடும்போது முன்னால் ஒரு கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் ஒரு கால் என்று நான் சொன்னதும், "மூணு கோர் வயரா?" என்றாள். அதற்குப் பிறகு அது தப்பவில்லை. 'ள்' மட்டும் கடைசி வரை தொல்லை கொடுத்தது. நடுநடுவே எழுந்து வாசலைப் பார்த்தாள்; எட்மண்ட் வந்துவிடுவானோ என்று. இரண்டு தடவை, "போயிடலாமா அண்ணே?" என்று கேட்டாள். இரண்டு தடவையும் நான் எழுந்திருப்பதற்குள் அவளே உட்கார்ந்துகொண்டாள். பென்சில் பிடித்த விரலில் தோல் உரிந்தது. சாப்பிடப் போகவில்லை.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவளுடைய கடைப்பெட்டி ஏழு வாரம் பூட்டிக் கிடந்தது. எட்மண்டின் கிடங்கிலிருந்து கொக்குப் படம் போட்ட சுருள்களை லாரியில் ஏற்றினார்கள். கோயிலில் சிலர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அவற்றையெல்லாம் அவள் அந்த பெஞ்சிலேயே எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்த்தே உள்ளே போனாள்.

அன்று நாலு மணி ஆகுமுன் கான்ஸ்டபிள் பேனாவைக் கொடுத்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள். மழையில் தகரக் கதவின் முன் நின்றபோதுகூட அவள் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்க்கவில்லை. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். தேதியை நான் போடட்டுமா என்று கான்ஸ்டபிள் கேட்டார். அவள் தலையாட்ட, அவர் போட்டார்: 19 நவம்பர் 1979.